செங்கண் கொண்டைக்குருவியைக் கண்டுபிடிப்பது எப்படி?

நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளுக்குப் போகிறவர்கள் முதல் நாளே பார்த்துவிடக்கூடிய பறவை இது. நம் ஊர்க் கொண்டைக்குருவியான சின்னானுக்கு ஒன்றுவிட்ட உறவு.

1. தண்ணீர் பக்கம் உட்காருங்கள். முட்புதருக்குள் அலைந்து களைத்துப்போக வேண்டாம். பழம் தின்றாலும் இதற்குத் தண்ணீர் அடிக்கடி வேண்டும். சொட்டும் தோட்டக் குழாய், மாட்டுத் தொட்டி, நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் உள்ள தங்கும் முகாம்கள் எல்லாமே நல்ல இடங்கள். காலையில் போங்கள்.

2. வாலடியைப் பாருங்கள். சுமார் 20 செ.மீ. நீளம், கறுத்த தலை, பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு. சின்னானுக்கு வாலடி சிவப்பு. இதற்குப் பளிச்சென்ற மஞ்சள்.

3. இப்போது கண். இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். மஞ்சள் வாலடியோடு இதே ஜாடையில் இன்னும் இரண்டு கொண்டைக்குருவிகள் அங்கே உண்டு. பைனாகுலரைப் பறவையின் கண்மேல் நிறுத்துங்கள். கறுத்த முகத்தில் குங்குமம் தொட்டு வரைந்த மாதிரி ஒரு வளையம் தெரியும். அது இறகு இல்லை, தோல். ஆரஞ்சிலிருந்து ரத்தச் சிவப்பு வரை இருக்கலாம். வளையம் வெள்ளையா? அப்படியென்றால் அது தென்மேற்கு மூலையில் வாழும் கேப் கொண்டைக்குருவி. கறுப்பா? கிழக்கே ஈரமான பக்கத்தில் இருக்கும் கருமுடிக் கொண்டைக்குருவி. வெளிறிப்போய் இருந்தால் இளம் பறவையாக இருக்கலாம். எல்லைகள் சேரும் இடங்களில் இவை கலந்து குஞ்சு பொரிப்பதும் உண்டு. அங்கே நிபுணர்களே தலையைச் சொறிவார்கள், நீங்கள் விட்டுவிடலாம். குரலை நம்பிப் பிரிக்கவும் முயல வேண்டாம், மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி விசிலடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. 1766இல் உயிரினங்களுக்குப் பெயரிட்ட ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் நம் சின்னானுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்ததென்று நினைத்து, அந்தப் பகுதியைக் குறிக்கும் 'காஃபர்' என்ற சொல்லை எழுதிவிட்டார். சின்னான் அந்த நாட்டுப் பறவையே இல்லை. பெயர் மட்டும் இன்றுவரை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

4. பழுத்த புதரைக் குறித்துவையுங்கள். சிறு பழங்கள் சிவந்து நிற்கும் புதர் கிடைத்தால் அதை விடாதீர்கள். பழம் முழுசாக உள்ளே போகும், விதை வேறெங்கோ எச்சத்தில் விழும். கற்றாழை பூக்கும் குளிர்காலத்தில் தேன் குடிக்க வந்து, முகமெல்லாம் மகரந்தத்தோடு திரும்பும். அப்போது தலை கறுப்பாகவே தெரியாது. குழம்பாமல் மறுபடியும் கண் வளையத்தையே பாருங்கள்.