கொறங்காட்டில் மண் அறுத்தால்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளை, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு சுற்று நடந்து பாருங்கள். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் எல்லாம் நன்றாக இருக்கும். நடுவில் மட்டும் மண் அறுத்துப் பள்ளம் விழுந்திருக்கும். எங்கள் காட்டில் அது விழுந்தது தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மாட்டுத் தடத்தில்தான். மாடுகள் தினமும் ஒரே வழியாகச் சரிவில் நேராக இறங்குவதால் புல் தேய்ந்து, மண் இறுகி, மழைத்தண்ணீருக்கு அது வாய்க்காலாகிவிடுகிறது. அதனால் முதலில் தொட்டியை இடம் மாற்றுங்கள். பள்ளத்தில் கல் வைப்பதெல்லாம் அப்புறம்.

ஜேசிபியை விட்டு மண்ணைத் தள்ளி மூடச் சொல்வார்கள். வேண்டாம். பொலபொலவென்று கிடக்கும் மண் அடுத்த பெருமழைக்கே போய்விடும்.

பள்ளத்தின் மேல்முனையில் சுவர் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொரு மழைக்கும் அது மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். அதற்குப் பத்தடி மேலே, கொத்தனாரின் டியூப் மட்டம் வைத்துப் பார்த்து, லேசான வாட்டத்தில் ஒரு வரப்புப் போட்டுத் தண்ணீரைப் புல் அடர்ந்த பக்கம் திருப்புங்கள். பிறகு அந்தச் சுவரை ஓரடி உயரத்துக்கு மூன்றடி நீளம் என்று சரித்து வெட்டி, இடைவெளி இல்லாமல் கல் பதியுங்கள்.

கீழே பள்ளத்தின் குறுக்கே கல் தடுப்பு. முழங்கால் உயரம் போதும். அடியில் முக்கால் அடி தோண்டி, இரு கரையிலும் ஓரடி உள்ளே செருகிக் கட்டுங்கள். தலை அளவுக் கல் நல்லது. ஜல்லி அடித்துக்கொண்டு போய்விடும். சிமெண்ட் வேண்டாம், தண்ணீர் கசிந்து போய் வண்டல்தான் தங்க வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிட அரை அடி தாழ்ந்திருக்கட்டும். மேல்மட்டத்தைச் சமமாகக் கட்டினால் தண்ணீர் கரையைச் சுற்றி அறுக்கும். பலர் கட்டுவது இதனால்தான் வீணாகிறது. வழியும் தண்ணீர் விழும் இடத்தில் பலகைக் கல் பரப்புங்கள்.

எத்தனை அடிக்கு ஒன்று? மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் நடுத் தாழ்வும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். இருபதடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், நடுவில் ஒன்றரை அடி உயரமுள்ள தடுப்புகளை முப்பதடிக்கு ஒன்றாகக் கட்டலாம். சரிவு கூடினால் நெருக்கமாக வேண்டும்.

வண்டல் சேர்ந்ததும் கொழுக்கட்டைப் புல் விதையைச் சாணி, செம்மண்ணோடு பிசைந்து தூவுங்கள். கரையோரம் வெட்டிவேர் நடலாம். இரண்டு மழைக்காலம் மேய்ச்சல் கூடாது. மாட்டைக்கூட அடுத்த காட்டுக்குள் விட்டு நிறுத்திவிடலாம், வெள்ளாட்டைத்தான் நம்ப முடியாது; சுற்றிலும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடையுங்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு போய், நகர்ந்த கல்லைத் திரும்ப வையுங்கள்.

பள்ளம் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தாலோ, ரோட்டுப் பாலத்துத் தண்ணீர் அதில் வந்து விழுந்தாலோ இந்தக் கைவேலை தாங்காது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் வந்து பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.