சூரை மீனை அதன் உடலறிந்து வாங்குவது எப்படி?

நீளக் கயிற்றில் ஏராளமான கொக்கிகள் கோத்த ஆயிரங்கால் தூண்டில் போடும் படகுகள் பல நாள் கடலில் தங்கிப் பிடித்துவரும் மஞ்சள் துடுப்புச் சூரையை (டூனா) சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்க நினைப்பவர்கள், முதலில் அதன் உடலின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலான மீன்களின் உடல் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும். சூரையின் தசையோ நீரைவிடச் சூடானது. நீரைத் தானாகச் செவுளுக்குள் இறைத்துக்கொள்ள இயலாததால், அது வாயைச் சற்றுத் திறந்தபடி இரவும் பகலும் நீந்தியே மூச்சுவிடுகிறது; அந்த ஓயாத உழைப்பில் முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புத் தசையில் பிறக்கும் வெப்பத்தை, நெருங்கிப் பின்னிய நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெளியேறவிடாமல் உடலுக்குள்ளேயே திருப்பிவிடுகின்றன. பெரும்பாலும் மேல்நீரில் திரியும் இம்மீன், சில வேளைகளில் 1,000 மீட்டருக்கும் கீழே பாய்ந்துவிட்டு வருவதும் உண்டு.

தூண்டிலில் மாட்டிப் போராடும்போது இந்தச் சூடு இன்னும் ஏறுகிறது. ஆகவே பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடல் நீக்கி, ஐஸில் புதைக்காவிட்டால் உள்தசை பாதி வெந்ததுபோல் வெளிறிவிடும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: சூரைத் தசையில் மிகுந்துள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை, குளிர்ச்சி குறைந்ததும் பாக்டீரியாக்கள் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம்.

எனவே மீனைப் பார்க்கும் முன் ஐஸைப் பாருங்கள். தரையில் வெயில்பட வைத்திருக்கும் சூரையை, விலை எவ்வளவு மலிவானாலும், விட்டுவிடுவதே நல்லது. பெரிய மீனில் செவுளைக் கடலிலேயே நீக்கியிருப்பார்கள் என்பதால் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லுங்கள்: தசை ஈரப்பளபளப்புடன் சிவந்து, விரலால் அழுத்தினால் மீண்டெழ வேண்டும், பழுப்பேறியிருந்தால் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கிடைப்பது எங்கிருந்து, எப்படி வந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துவர, மீனின் எடைக்கு நிகரான உடைத்த ஐஸைத் தெர்மோகோல் பெட்டியில் மேலும் கீழும் பரப்புங்கள். உறைந்த துண்டுகளை வெளியே வைத்து இளக்காமல், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக்குங்கள். இரத்த வாடை பிடிக்காதவர்கள் நடுவிலுள்ள கருஞ்சிவப்புப் பகுதியை அரிந்துவிடலாம். கொழுப்பு குறைந்த சதை சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால், புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து வற்றிய பின் கடைசியில் துண்டுகளைப் போட்டு, வெந்ததும் இறக்கிவிடுங்கள்.

சாப்பிடும்போது நாக்கில் மிளகுபோல் உறைத்தாலோ, சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் தோன்றினாலோ, அது ஹிஸ்டமினின் வேலையாக இருக்கலாம்; உடனே உண்பதை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். பெரிய சூரையில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால், கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அதை எப்போதாவது, அதுவும் கொஞ்சமாகவே உண்ண வேண்டும்.