சீரியல் செட் வாங்கும்முன்: வார்ம் ஒயிட்டா, கூல் ஒயிட்டா?

கடையில் போய் "மஞ்சள் சீரியல் செட் கொடுங்க" என்று கேட்காதீர்கள். மஞ்சள் எல்இடி வேறு, வார்ம் ஒயிட் வேறு. எரியும்போது தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசலில் கட்டிய பிறகுதான் வித்தியாசம் தெரியும்: மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் கோலத்தின் செங்காவி அழுக்குப் பழுப்பாகும், மாவிலையின் பச்சை செத்துப்போகும். அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய இல்லாததுதான் காரணம். வார்ம் ஒயிட் என்பது வெள்ளைதான். நீல எல்இடியின் மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்றுகிறது. அப்படி மாறும் பங்கு கூடினால் வார்ம், குறைந்தால் கூல்.

பெட்டியில் கெல்வின் எண் இருக்கிறதா பாருங்கள். 2700 முதல் 3000 வரை வார்ம். 4000 நடுத்தரம். 6000, 6500 என்றிருந்தால் கூல். கடைக்காரர் வெறும் "ஒயிட்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எண் ஏறஏற நிறம் நீலத்தின் பக்கம் போகும். வெளிச்சம் கூடுதலா குறைவா என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டில் எது அழகு என்று தனியாக யோசித்துப் பயனில்லை. பக்கத்தில் என்ன எரியப்போகிறது, வெளிச்சம் எதன்மேல் விழப்போகிறது, இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

கார்த்திகைக்கு அகல் வைக்கிற வீடென்றால் யோசனையே வேண்டாம், வார்ம்தான். விளக்குச் சுடர் சுமார் 1900 கெல்வின். அதன் அருகில் 6500 எரிந்தால் கண் அந்த வெள்ளைக்குப் பழகிவிடும். அகல் மங்கிச் சிவந்து தெரியும், சீரியல் நீலம் பாரித்துத் தெரியும். 2700 கிடைத்தால் நல்லது, 3000 பரவாயில்லை. பித்தளைக் குத்துவிளக்கு, மரக்கதவு, சந்தன நிறச் சுவர், செங்கல் எல்லாமே வார்மில் எடுப்பாக இருக்கும்.

பலரும் கோட்டைவிடுவது வாசல் டியூப்லைட்டில். நம் வீடுகளில் போர்டிகோவில் எரிவது அநேகமாக 6500 கெல்வின் பட்டிதான். அதை எரியவிட்டுப் பக்கத்தில் வார்ம் சீரியல் தொங்கவிட்டால் சுவரில் எண்ணெய்க் கறை படிந்தது மாதிரி இருக்கும். பண்டிகை நாட்களில் அந்தப் பட்டியை அணைத்துவிட்டு, 3000 கெல்வினில் ஒரு 9 வாட் பல்பு போடுங்கள். டியூப்லைட்டை அணைக்க முடியாத இடமென்றால் சீரியலையும் கூலாகவே வாங்குங்கள். வெளிர் நீலம், சாம்பல், பளிச் வெள்ளைச் சுவர்களுக்கும் கூல் பொருந்தும். வெளிர் நீலத்தின் மேல் வார்ம் விழுந்தால் நிறம் கலங்கிப்போகும்.

மரத்தில் கட்டுவதானால் இலைக்கு ஒன்று, அடிமரத்துக்கு ஒன்று. இலைக் கொத்துக்குள் கூல் போட்டால் இலையின் பச்சை மாறாமல் தெரியும். தென்னை, பனை மாதிரி தண்டைச் சுற்றிக் கட்டுவதற்கு வார்ம்.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு இரண்டும் வேண்டும். வைக்கோல் கூரைக்குள், தீவனத் தொட்டிக்கு மேலே வார்ம். பின்னால் வானமாக ஒட்டிய நீலத் தாளுக்குக் கூல். பஞ்சில் பனி செய்திருந்தால் அதன்மேலும் கூல்தான், வார்ம் பட்டால் பழைய பஞ்சாகத் தெரியும். வெள்ளைத் தாள் ஸ்டாருக்குள் கூல் பல்பு, சிவப்பு அல்லது மஞ்சள் தாள் ஸ்டாருக்குள் வார்ம். சிவப்புத் தாள் நீலத்தை அப்படியே விழுங்கிவிடும் என்பதால் அதற்குள் கூல் பல்பு போட்டால் வெளிச்சத்தில் பெரும்பங்கு வீண்.

இரண்டையும் கலக்கலாம், ஆனால் ஒரே வரிசையில் மாற்றிமாற்றி வேண்டாம். கைப்பிடிச் சுவரில் ஒரு செட் வார்ம், அடுத்தது கூல் என்று ஓடினால் ஒரு செட் பழுதானதுபோல்தான் தெரியும். வீட்டுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று இடம் பிரித்தால் உறுத்தாது.

இன்னொன்று மழைக்காலப் பூச்சி. தீபாவளியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையில் வருகின்றன. ஈசலும் சின்னச் சின்னப் பூச்சிகளும் நீலம் அதிகமுள்ள வெளிச்சத்தைத்தான் அதிகம் நாடும். வார்மில் பூச்சியே வராது என்றில்லை, குறையும். நிலைவாசலுக்கு நேர் மேலே கூல் கட்டிவிட்டுக் கதவைத் திறந்துவைத்தால் இரவு முழுக்கப் பெருக்க வேண்டியதுதான்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை:

1. அணைந்த பல்பை உற்றுப் பாருங்கள். மூடி கண்ணாடிபோல் இருந்தால் உள்ளே பாஸ்பர் தெரியும். வார்மில் அடர் மஞ்சள் அல்லது ஆரஞ்சு, கூலில் வெளிர் எலுமிச்சை. மூடியே மஞ்சள் பிளாஸ்டிக் என்றால் உள்ளே கூல் எல்இடி இருக்கலாம்.

2. எரியவிட்டு உள்ளங்கையைக் காட்டுங்கள். தோலின் சிவப்பு தெரிந்தால் வார்ம் ஒயிட். கை முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தால் மஞ்சள் எல்இடி.

3. போனில் ஸ்லோமோஷன் எடுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் உள்ளே கெபாசிட்டர் இல்லாத மலிவு சர்க்யூட். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 50 அல்லது 100 முறை அணைந்து எரியும். சிலருக்குத் தலைவலி தரும்.

4. வாங்கப்போகும் எல்லாப் பெட்டியையும் ஒன்றாக எரியவிடுங்கள். பெட்டியில் ஒரே 3000 என்றிருந்தாலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் ஒன்று ரோஜா சாயலும் இன்னொன்று பச்சைச் சாயலும் அடிக்கும்.

கடைசிக் காரணத்துக்காகவே ஒரு செட் கூடுதலாக வாங்கிவையுங்கள். அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது.

அளவு: 30 அடிக் கைப்பிடிச் சுவருக்கு 10 மீட்டர் செட் ஒன்று, அதாவது சுமார் 33 அடி. ஆனால் பெட்டியில் போட்ட நீளத்தில் பிளக் வரையிலான வெறும் வயரும் சேர்ந்திருக்கலாம், எரியும் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். இருட்டில் கூல் வெளிச்சம் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதால் வார்மில் பல்புக்குப் பல்பு 10 செ.மீ. இடைவெளி என்றால் கூலில் 15 செ.மீ. போதும். 5 வோல்ட் யூஎஸ்பி காப்பர் வயர் லைட் நீளமானால் கடைசிப் பகுதி மங்கும். 5 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். செம்பு நிற வயர் பகலில் வார்மோடு ஒத்துப்போகும், கூலுக்கு வெள்ளி நிற வயர் தேடுங்கள்.

வெளியில் கட்டுவதற்கு ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்று போட்டதை வாங்குங்கள். பிளக்கும் கன்ட்ரோலரும் மழை படாத இடத்தில் இருக்கட்டும். அந்த லைனில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். நேரடி 230 வோல்ட் செட்டில் ஒரு பகுதி மட்டும் அணைந்தால், செத்த பல்பை வெட்டி வயரை முறுக்கி ஒட்டும் பழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். அந்தப் பல்பு தாங்கிய சுமார் 3 வோல்ட் மற்ற பல்புகளின் மேல் ஏறும், மின்னோட்டம் கூடும், வரிசையாக ஒவ்வொன்றாகப் போகும். முறுக்கிய இடத்தில் மழைத்தண்ணீர் பட்டால் ஷாக் வேறு.

கட்டி முடித்துப் படம் எடுக்கும்போது போன் தானாகவே வார்மை வெளுக்கவைத்துவிடும். புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) 4000 கெல்வினுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தால் கண்ணால் பார்த்த மஞ்சள் படத்திலும் இருக்கும்.