ஃப்ரீலான்ஸ் டெவலப்பராக நீடித்து நிற்க: கொட்டேஷனிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

ஃப்ரீலான்ஸில் இறங்குவது எளிது. ஒரு லேப்டாப், ஓரளவு கைவந்த ஒரு நிரல்மொழி, நம்பி வேலை கொடுக்க ஒருவர், அவ்வளவுதான். சில ஆண்டுகள் கழித்துத்தான் பலருக்கு மூச்சு வாங்குகிறது. வேலை தலைக்கு மேல் இருக்கும், கையில் காசு நிற்காது, தூக்கமும் போயிருக்கும். தியானம் செய்யுங்கள், காலையில் சீக்கிரம் எழுங்கள் என்று அறிவுரை சொல்ல ஆள் நிறைய உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கொட்டேஷனில் குறைத்துப் போட்ட தொகையைத்தான் டெவலப்பர் பிறகு இரவெல்லாம் கண்விழித்து ஈடுகட்டுகிறார். அதனால் முதலில் கணக்கு, உடம்புக்கு அப்புறம் வருவோம்.

படி 1: உங்கள் மணிக்கட்டணத்தைக் கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்வது இது: வேலையில் வாங்கிய ஆண்டுச் சம்பளத்தை எடுத்து, 52 வாரம், வாரத்துக்கு 40 மணி, ஆக 2,080 மணி என்று வகுத்து, வருகிற எண்ணைக் கட்டணமாகச் சொல்லிவிடுவார்கள். சம்பளக்காரருக்கு விடுப்பிலும் காசு உண்டு, காய்ச்சலில் படுத்தாலும் காசு உண்டு, ஒன்றுமே நடக்காத மீட்டிங்கிலும் காசு உண்டு. நமக்கு இது எதுவும் கிடையாது.

சரியான கணக்கை இப்படிப் போடுங்கள். 52 வாரத்தில் விடுமுறைக்கு 4 வாரம் கழியுங்கள். பொது விடுமுறை, உடல்நலக் குறைவு இரண்டுக்கும் 3 வாரம். ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள இடைவெளிக்கும் புதிதாகக் கற்பதற்கும் 5 வாரம். மிச்சம் 40. வாரத்துக்கு 40 மணி உட்கார்ந்தாலும் மின்னஞ்சல், அழைப்பு, கொட்டேஷன், இன்வாய்ஸ், அடுத்த கிளையன்டைத் தேடுவது என்று 15 மணி கரைந்துவிடும். பில் போட முடிவது 25 மணி. 40-ஐ 25-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 1,000 மணி. மேலே போட்ட 2,080-இல் பாதிகூட இல்லை.

இப்போது செலவுப் பக்கம். நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கும் சேமிப்புக்குமாக ஆண்டுக்கு 60,000 வேண்டும் என்று வையுங்கள். வரி, மருத்துவக் காப்பீடு, கணினி, மென்பொருள் சந்தா எல்லாம் சேர்த்து இன்னொரு 20,000. மொத்தம் 80,000. அதை 1,000-ஆல் வகுத்தால் மணிக்கு 80.

முதலில் சொன்ன வழியில் 60,000-ஐ 2,080-ஆல் வகுத்தவருக்கு மணிக்கு 29-தான் வந்திருக்கும். அவருக்கும் தேவை அதே 80,000. மணிக்கு 29 வீதம் அதை ஈட்ட ஏறக்குறைய 2,760 மணி பில் போட வேண்டும். 40 வாரத்தில் அது வாரத்துக்கு 69 மணி. மின்னஞ்சலும் அழைப்பும் அதற்கு மேல். தூக்கம் எங்கே போனது என்று இப்போது தெரிகிறதல்லவா?

மொத்தத் தொகை பேசிச் செய்கிற வேலையானாலும் இந்த எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளையன்டிடம் சொல்ல வேண்டியதில்லை.

படி 2: வேலையின் எல்லையை எழுத்தில் வையுங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். கொட்டேஷனில் என்ன செய்வீர்கள் என்பதோடு என்ன செய்ய மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். “வடிவமைப்பில் இரண்டு முறை திருத்தம் அடங்கும். பழைய தரவை மாற்றித் தருவது அடங்காது. ஒப்படைத்தபின் 30 நாள் வரை பக் (நிரல் பிழை) சரிசெய்வது இலவசம்.” இப்படி நாலு வரி இருந்தாலே பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி வராது.

பாதி வேலையில் கட்டாயம் ஒரு செய்தி வரும்: “சின்ன விஷயம்தான், லாகின்ல ஓடிபி மட்டும் போட்டுக் குடுத்துடுங்க.” அது எவ்வளவு சின்னது என்று கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குறுஞ்செய்தி அனுப்பும் சேவையில் கணக்கு வேண்டும். ஓடிபி எத்தனை நிமிடத்தில் காலாவதியாகும், வரவில்லையென்றால் மறுபடி எப்போது கேட்கலாம், எத்தனை முறை தவறாகப் போட்டால் பூட்ட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். எண்ணை மாற்றிக்கொண்டவர் எப்படி உள்ளே வருவார்? ஒரே எண்ணுக்கு எவனோ ஆயிரம் செய்தி அனுப்ப வைத்தால் அந்தச் செலவு யார் தலையில்?

இந்த மாதிரி இடத்தில் பெர்ட் என்ற பழைய மதிப்பீட்டு முறை கைகொடுக்கும். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. எல்லாம் நன்றாகப் போனால் எத்தனை மணி, வழக்கமாக எத்தனை, மோசமாகப் போனால் எத்தனை என்று மூன்று எண்களை எழுதுங்கள். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஓடிபிக்கு 6, 12, 30 என்று வைத்தால் 6 + 48 + 30 = 84; ஆறால் வகுத்தால் 14 மணி. மனசு 6 என்றுதான் சொல்லும். நீங்கள் 14 போடுங்கள்.

பதிலையும் இப்படி அனுப்பலாம்: “தாராளமாகச் செய்யலாம். முதலில் பேசிய பட்டியலில் இது இல்லாததால் தனியாக 14 மணி வேலை. இப்போதே சேர்த்தால் வெளியீடு நான்கு நாள் தள்ளிப்போகும். இரண்டாம் கட்டத்தில் வைத்துக்கொண்டால் தேதி மாறாது. எது வசதி என்று சொல்லுங்கள்.” இதில் மறுப்பும் இல்லை, இலவசமும் இல்லை. நிறையப் பேர் இரண்டாம் கட்டம் என்பார்கள். அதில் பலர் ஓடிபியை மறந்தே போவார்கள்.

படி 3: பணம் வரும் வழியைச் சீராக்குங்கள்

அட்வான்ஸ் வாங்காமல் ரெப்போவே (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்) திறக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு முதலில், ஒரு பங்கு பாதி வேலையில், மீதி ஒப்படைக்கும் முன் என்று பிரித்தால் இரு தரப்புக்கும் அபாயம் குறைவு. இன்வாய்ஸில் “30 நாளுக்குள்” என்று எழுதுவதைவிடத் தேதியையே போடுங்கள். கட்டம் முடிந்த அன்றே அனுப்புங்கள், மாதக் கடைசிக்காகக் காத்திருக்க வேண்டாம். முழுத் தொகையும் வந்த பிறகே நிரலின் உரிமை கிளையன்டுக்கு மாறும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

வந்த பணத்தில் வரிக்கான பங்கை அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது உங்கள் பணம் அல்ல, சிறிது நாள் உங்களிடம் தங்கியிருக்கிறது, அவ்வளவே. அதுபோக மூன்று முதல் ஆறு மாதச் செலவு சேமிப்பில் சேரும்வரை புதுக் கணினி ஆசையை ஒத்திப்போடலாம். அந்தச் சேமிப்பு இருந்தால்தான் தொல்லை பிடித்த கிளையன்டிடம் “இந்த வேலை எனக்குச் சரிப்பட்டு வராது” என்று சொல்ல வாய் வரும்.

படி 4: ஒரே கிளையன்டை நம்பி இருக்காதீர்கள்

வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், பெயருக்குத்தான் நீங்கள் ஃப்ரீலான்சர். அவர்கள் நிறுத்திய அன்று எல்லாம் நின்றுபோகும். வேலை நெரிகிற வாரத்திலும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பழைய கிளையன்ட்களுக்கு ஒரு நலம் விசாரிப்பு, முடித்த வேலையைப் பற்றி ஒரு குறிப்பு என்று ஏதாவது செய்துகொண்டே இருங்கள். முடித்த புராஜெக்ட்களுக்கு மாதாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள். லைப்ரரி (நிரலில் எடுத்தாண்ட பிறர் நிரல்) அப்டேட், பேக்கப் சோதனை, சின்னத் திருத்தங்கள் போன்றவைதான். தொகை சிறியதாக இருக்கும், ஆனால் மாதா மாதம் வரும்.

படி 5: நேரத்துக்கு வேலி போடுங்கள்

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரத்துக்கு 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்றது அது. மேலே பார்த்த 69 மணிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளுக்கு நான்கு மணி நேரம் ஆழ்ந்து நிரல் எழுத முடிந்தால் அதுவே நல்ல நாள். அதை எந்த நேரத்தில் வைப்பது என்று உங்கள் உடம்பைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் அழைப்பு, அறிவிப்பு எதுவும் வேண்டாம். பதில் அனுப்பும் நேரத்தை ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடலாம்: வேலை நாட்களில் 24 மணி நேரத்துக்குள். சர்வர் விழுந்தால் மட்டும் தொலைபேசி. இரவு பதினோரு மணிக்கு ஒரு முறை பதில் போட்டுப் பழக்கிவிட்டால் அப்புறம் அதுவே உங்கள் அலுவலக நேரம். விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில் டிப்ளாய் செய்வதையும், அதாவது புது நிரலைச் சர்வரில் ஏற்றுவதையும், விட்டுவிடுங்கள்.

கண்ணுக்கு 20-20-20 விதி போதும்: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது, 20 விநாடி பாருங்கள். நாற்காலியில் செலவழிக்கலாம், மேசையில் மிச்சம் பிடிக்கலாம்.

தனிமை வேறு கதை. நம் நிரலைப் பார்த்து “ஏன் இப்படி?” என்று கேட்க ஆளில்லாமல் ஆண்டுகள் ஓடினால் கைத்திறன் தேயும். இன்னொரு ஃப்ரீலான்சரோடு வாரம் ஒரு முறை ஒருவர் நிரலை ஒருவர் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ரகசிய ஒப்பந்தம் தடுத்தால் சொந்தப் புராஜெக்டைக் காட்டலாம்.

படி 6: விலகும்போது சுத்தமாக விலகுங்கள்

டொமைன், சர்வர், கட்டணக் கணக்குகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே கிளையன்ட் பெயரில் இருக்க வேண்டும். நீங்கள் அதில் அழைக்கப்பட்ட உறுப்பினர் மட்டுமே. கடைசி வாரத்தில் ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள்: நிரலை எப்படி ஓட்டுவது, எப்படி டிப்ளாய் செய்வது, எந்தச் சேவை எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும், தெரிந்தே விட்டுவைத்த குறைகள் என்ன. கடைசி இன்வாய்ஸ் பணம் வந்ததும் உங்கள் அணுகலை நீக்கவும், ரகசிய விசைகளை (கடவுச்சொல் போன்றவை) மாற்றவும் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். நீக்கிவிட்டோம் என்று அவர்கள் தரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து அங்கே ஏதாவது உடைந்து, யார் கை வைத்தது என்ற கேள்வி வந்தால் காட்ட அது வேண்டும்.