பள்ளியில் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்களா? இதைச் செய்

தாராவியில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது படிக்கும் ஒரு பையன் மூன்று வாரமாகத் தயிர்ச்சாத டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அம்மா திட்டியும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால், அவன் டப்பாவைத் திறந்ததும் நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு "யண்டு குண்டு" என்று, தென்னிந்தியர் பேச்சைக் கேலி செய்யும் சொல்லைக் கத்துவார்களாம். தினமும்.

"விளையாட்டுக்குத்தானே" என்று பெரியவர்களே சொல்வதுதான் எனக்கு எரிச்சல். நண்பன் உன்னை 'மதராசி' என்று ஓட்டுவான், நீ அவனை 'வடாபாவ்' என்பாய், ஒருவன் போதும் என்றால் இரண்டு பேரும் நிறுத்திவிடுவீர்கள், அது விளையாட்டு. வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, அதுவும் நீ எதிர்த்துப் பேச முடியாதபடி கூட்டமாகவோ வயதில் பெரியவர்களாகவோ நின்று செய்தால் அது கொடுமை. 1970களிலிருந்தே இதை ஆராய்ந்த டான் ஒல்வியஸ் என்ற உளவியலாளர் இந்த மூன்றையும்தான் பார்க்கச் சொன்னார்.

சரி, என்ன செய்வது? அந்த இடத்தில் "பஸ், பந்த் கர்" (போதும், நிறுத்து) என்று இந்தியில் ஒரே வரி, அழுத்தமாக. சொல்லிவிட்டு ஆள் நடமாட்டம் இருக்கும் பக்கம் நகர்ந்துவிடு. திருப்பி அடித்தால், டீச்சர் வரும்போது கண்ணில் படுவது உன் கைதான். வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தால் பதில் போடாதே. முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் பிளாக்.

அன்றைக்கே எழுதி வை: "திங்கள், மதிய இடைவேளை, டப்பாவைத் தட்டிவிட்டான், இன்னார் பார்த்தார்." சும்மா போய் "ஓட்டுறாங்க டீச்சர்" என்றால் "கண்டுக்காதே" என்று அனுப்பிவிடுவார்கள், தேதியோடு நாலு வரி நீட்டினால் அவ்வளவு சுலபமாக அனுப்ப முடியாது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. அவருக்கு இந்தி தடுமாறினால் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ வரட்டும். புகாரை எழுத்தில் கொடு, நகல் உன்னிடம் இருக்கட்டும்.

வீட்டில் சொல்லவே பயமா? குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய், 24 மணி நேரமும் இலவசம். 1996இல் இதே மும்பையில் தொடங்கியதுதான். பள்ளி என்றாலே வயிற்றைப் பிசைகிறது, தூக்கம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

நீ வேடிக்கை பார்க்கிறவனா? சிரிக்காதே, அதுவே பாதி வேலை. முடிந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார். எங்கள் பையன் விஷயத்தில் டீச்சர் தலையிடுவதற்கு முன்பே அதைச் செய்தது ஒரு மராத்திப் பையன்தான். என்ன, தயிர்ச்சாதத்தில் பாதியைத் தின்றுவிடுகிறான், அம்மா இப்போது இரண்டு டப்பா கட்டுகிறார்.