ஏற்காட்டில் ஒரு நல்ல காபி குடிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜிக்குத் துணையாக ஏதோ ஒன்றைப் பேப்பர் கப்பில் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சுற்றிலும் காபித் தோட்டம், கையிலோ இன்ஸ்டன்ட் தூள். பார்த்தால் எனக்கு வயிறு எரியும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காபிச் செடியை ஊன்ற வைத்தார். இருநூறு வருஷமாக விளைகிற இடத்தில் அந்த ஊர்க் காபியைத் தேடிக் குடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. அந்த மெனக்கெடல்தான் கீழே.

படி 1: நாளும் நேரமும்

வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். மே மாதக் கோடை விழா சமயத்தில் காபிக்காகப் போவதென்றால் வேண்டவே வேண்டாம். நிற்கவே இடம் இருக்காது, கடைக்காரருக்கு உங்களோடு பேச நேரமும் இருக்காது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிக்கிற காலம், ஊரே காபிப் பேச்சாக இருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்துப் போனால் தோட்டமெல்லாம் வெள்ளைப் பூ, மல்லிகை மாதிரி வாசம். அது இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும், கிடைத்தால் யோகம்.

கடைக்குக் காலையிலேயே போவது நல்லது. முதல் டிகாஷன் அப்போதுதான் இறங்கியிருக்கும்.

படி 2: மலை ஏறுவது

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் உண்டு. சொந்த வண்டியென்றால் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழி. 20 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றல் வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள், கீழே காபி குடித்துவிட்டு ஏறாதீர்கள். மேலே இறங்கியதும் சிறிது நடந்து வயிறு அடங்கியபிறகு கடைக்குப் போகலாம். அவ்வளவுதான் இதில்.

படி 3: கடையைக் கண்டுபிடிப்பது

மேலே இரண்டு வகைக் கடை இருக்கிறது. ஒன்று, தோட்டக்காரர்களும் இளைஞர்களும் நடத்துகிற கஃபே: மெஷின், மர நாற்காலி, ஜன்னலோரம் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக். இன்னொன்று, நான்கு பெஞ்ச், ஒரு அடுப்பு, ஒரு பித்தளை பில்டர். இரண்டிலும் நல்ல காபி கிடைக்கும். கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கடைக்காரர் கை எட்டுகிற தூரத்தில் இருப்பார், எதைப் போடுகிறார் என்று கண்ணால் பார்க்கலாம்.

கடைப் பெயர் சொல்லாததற்குக் காரணம் உண்டு. மாஸ்டர் மாறினால் காபியும் மாறிவிடும். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்.

பில்டர் கண்ணில் படுகிறதா பாருங்கள். இல்லையென்றால் தூளை நேராகப் பாலில் கலக்குகிற கடையாக இருக்கலாம். அடுத்தது டிகாஷன். கொதிக்கிற தண்ணீரில் டிகாஷன் பாத்திரத்தை இறக்கி வெகுநேரம் சூடேற்றிக்கொண்டே இருந்தால் கசப்பு ஏறிவிடும். அடுத்தது பால் சட்டியின் விளிம்பு. மஞ்சளாக ஏடு காய்ந்து ஒட்டியிருந்தால் அந்தப் பால் பல தடவை கொதித்தது, காபியை அமுக்கிவிடும். கடைசியாக, தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நின்று குடிக்கிறார்களா என்று பாருங்கள். ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் காலையில் ஒரு நடை போனால் இது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

படி 4: கேட்கத் தெரிய வேண்டும்

புதுசாகப் போகிறவர்கள் கூச்சப்படுவது இங்கேதான். கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"அண்ணா, தூள் நம்ம மலைத் தூளுங்களா, கீழயிருந்து வருதுங்களா?"

"மலைதாங்க. சிக்கரி கொஞ்சம் கலந்திருக்கு."

இந்த "கொஞ்சம்" எவ்வளவு என்றும் கேட்டுவிடலாம். நம் சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது 49 வரை சிக்கரி போடலாம், அதைப் பாக்கெட்டில் அச்சடிக்கவும் வேண்டும். சிக்கரி குற்றமில்லை. கெட்டியும் நிறமும் அதுதான் தருகிறது, பால் காபிக்கு 20 சதவீதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் மலைக் காபியின் ருசி தெரிய வேண்டுமென்றால் முதல் கிளாஸ் சிக்கரி இல்லாததாக இருக்கட்டும்.

படி 5: குடிக்கிற வரிசை

முதலில் ஒரு வரக்காப்பி, சின்னதாக, சர்க்கரை இல்லாமல். முகம் சுளிக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடு மட்டும்தான் தெரியும். கிளாஸைக் கையில் பிடிக்க முடிகிற அளவு ஆறட்டும். ஏற்காட்டில் பெரும்பாலும் அராபிகா என்கிற காபி வகை, மர நிழலில் மெதுவாகப் பழுத்தது. நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு வரும். "காபி கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் புளிப்புதான் சரக்கு. நமக்குப் பழகிய அடர் கசப்பில் பாதி ரொபஸ்டா என்கிற இன்னொரு காபி வகையுடையது, மீதி சிக்கரியுடையது.

அதன் பிறகு பால் காபி, டவரா டம்ளரில். "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு ஸ்பூன் நிச்சயம். இந்த வரிசையில் குடித்தால் பாலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்துவிடும். மாற்றிக் குடித்தால் தெரியாது.

நாலு பெஞ்ச் கடையில் கூட்டம் வந்தால் எழுந்து இடம் விடுங்கள். கூட்டம் இல்லையென்றால் எவ்வளவு நேரமும் உட்காரலாம்.

படி 6: பழத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

தோட்டங்கள் தனியாருடையவை. வேலி திறந்திருக்கிறதே என்று நுழையக் கூடாது, காட்டெருமையும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் யாராவது தெரிந்தவரிடம் அனுப்பிவைப்பார்.

சிவந்த பழம் ஒன்றை விரலால் பிதுக்குங்கள். வழுவழுவென்று இரண்டு கொட்டை நழுவி வரும், ஒன்றையொன்று பார்த்த பக்கம் தட்டை. மேலே இருக்கிற பசையை நக்கிப் பாருங்கள், இனிக்கும். சில பழத்தில் ஒரே ஒரு கொட்டை உருண்டையாக இருக்கும். கடையில் பீபெரி என்று தனி விலை போட்டு விற்கிறார்களே, அது இதுதான். களத்தில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தால் செருப்புக் காலோடு மிதித்துவிடாதீர்கள்.

படி 7: தூள் வாங்கிக்கொண்டு இறங்குவது

கிலோ கணக்கில் வாங்காதீர்கள். அரைத்த தூளின் மணம் இரண்டு வாரத்துக்குள் போய்விடும், 200 கிராம் போதும். "பில்டருக்கு அரைச்சுக் கொடுங்க" என்று கண் முன்னால் அரைக்கச் சொல்லுங்கள். சும்மா கட்டிக் கொடுக்கிற பொட்டலத்தில் சந்தேகம் இருந்தால், வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். காபித் தூள் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போகும்.

வீட்டில் போட்டால் அதே ருசி வரவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். தூளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்கு ஒட்டியே கொதித்துவிடுகிறது, அது காபிக்குத் தோதான சூடு. சேலத்தில் 99 ஆகிறது. அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விட்டு, பிறகு பில்டரில் ஊற்றுங்கள். மேல் தட்டை ரொம்ப அழுத்தாதீர்கள், டிகாஷன் இறங்காது.