முதுகலைச் சேர்க்கைக் கடிதங்கள் ஒன்றுக்கு மேல் வந்தால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

சென்ற ஆண்டு கடலூர் முதுநகரிலிருந்து ஒரு மாணவி தம் அப்பாவுடன் என்னைப் பார்க்க வந்தார். எம்.எஸ்சி. இயற்பியலுக்கு மூன்று இடங்களில் சேர்க்கை கிடைத்திருந்தது: காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைக்கு அருகே ஒரு தனியார் பல்கலைக்கழகம். "சார், இதுல எதுக்குப் பேரு அதிகம்?" என்று அப்பா கேட்டார். இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருக்கும் உங்களுக்கும் நான் சொல்வது. முதுகலை இரண்டே ஆண்டு, நான்கே செமஸ்டர்; அதில் உங்களை உருவாக்கப்போவது ஒரு துறையும், அங்குள்ள நான்கைந்து ஆசிரியர்களும், கடைசி செமஸ்டரில் நீங்கள் செய்யும் ப்ராஜெக்டும்தான்.

ஆகவே முதலில் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து, உங்களுக்குப் பிடித்த பிரிவில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் என்ன கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு, அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் கட்டாயம் பேசுங்கள். ஒரு கைடிடம் எத்தனை மாணவர்கள், விருப்பப் பாடங்கள் உண்மையில் நடத்தப்படுகின்றனவா, ஆய்வகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதை அவர்தான் சொல்வார். அந்த மாணவி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் அக்காவை அழைத்து, எக்ஸ்ரே கருவியில் மாதிரி கொடுத்தால் முடிவு வர எத்தனை நாளாகும் என்று கேட்டார். "கருவி ரிப்பேர்ல இருக்கும்மா, நாங்க வெளியில காசு கொடுத்துத்தான் அனுப்புறோம்" என்று பதில் வந்தது. வண்ணக் கையேட்டின் நாற்பது பக்கங்களிலும் இல்லாத செய்தி அது.

அடுத்தது பணம். கல்விக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல் விடுதி, உணவு, பயணம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் நான்கு செமஸ்டருக்கும் கூட்டி, ஒரே தாளில் எழுதுங்கள். 10 சதவீத வட்டியில் ஐந்து லட்சம் ரூபாய் கடனைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் அடங்காது. முனைவர் பட்டம்வரை போக எண்ணுபவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தேர்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டென்றாலும் அது கைக்கு வரும்வரை வீடுதான் தாங்க வேண்டும்.

பக்கத்து ஊர் என்பதாலேயே தினமும் போய்வரலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி, அங்கே பேருந்து மாறிக் காலாப்பட்டு என்றால் போகவர ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழிந்துவிடும். மாலையில் ஆய்வகத்தில் வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் நீங்கள் பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கும். விடுதி கிடைக்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவி கடைசியில் காலாப்பட்டைத் தேர்ந்தெடுத்தது விடுதியில் இடம் உறுதியான பிறகுதான்.

ஒரு கெடு நெருங்குகிறது, இன்னொரு முடிவு வரவில்லை என்றால், முதல் இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் திரும்பப் பெறும் விதியைப் படியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்பும்; அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறைந்து, கடைசித் தேதி கடந்து முப்பது நாளுக்கு மேலானால் ஒன்றும் கிடைக்காது. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளும் அறிவிக்கப்பட்டன என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது.

முடிவெடுத்த அன்றே மற்ற இடங்களுக்கு விலகல் கடிதம் அனுப்பிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் பண்ருட்டியிலோ நெல்லிக்குப்பத்திலோ ஒரு பிள்ளை அந்த இடத்துக்காகத் தினமும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.